பெட்டி வராத மெயில்

டெலிபோன் அலறியது.

பெரிய வக்கீல் உடனே எடுக்கவில்லை. மூன்று மணியாவது அடிக்கவிட்டு எடுப்பதுதான் அவர் வழக்கம். ஓடிப்போய் எடுப்பது அந்த நாற்காலிக்கு மரியாதை இல்லை என்பார்.

எடுத்தார்.

"சார்... நான்தான்." நர்ஸின் குரல். மூச்சு வாங்கியது. "வாசல்ல அதே ரெண்டு பேரு நிக்கிறாங்க."

"எந்த வாசல்ல?"

"நேத்து மாறி வந்தேனே, இந்த வீட்டு வாசல்ல. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல சார். பெல்லை அழுத்திக்கிட்டே இருக்காங்க."

"பின்பக்கமா போ. செருப்பைத் தேடாதே. நேரா போலீஸ் ஸ்டேஷன்..."

படார்!

கதவு உடையும் சத்தம். அதன் பிறகு சத்தமே இல்லை.

ரிசீவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார் பெரிய வக்கீல். நரைத்த மீசை. விறைத்த முதுகு. அந்த முதுகு நாற்காலியில் சாய்ந்ததை ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

நர்ஸ் ஒரு சாட்சி. ஒரே சாட்சி. ஆபரேஷன் டேபிளில் ஓர் உயிர் போனதும், ஆஸ்பத்திரி முதலாளி தன் கையாலேயே ரெக்கார்டைத் திருத்தி எழுதியதைப் பார்த்தவள். அவள் கோர்ட்டில் கூண்டேறும் வரை ஒளித்து வைப்பது தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவர் குடும்பத்தில் வாக்கு தவறியவர்கள் கிடையாது.

முதல் மறைவிடம் ஒரே நாளில் வெளியே தெரிந்தது.

இது இரண்டாவது.

அந்த வீட்டை ஏற்பாடு செய்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து சேர்ந்தபோதுதான் அவர் ரிசீவரைக் கீழே வைத்தார்.

"கிடைச்சிட்டா. சுவரேறிக் குதிச்சதுல முழங்கால் போச்சு. ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கேன். ஆனா சார், அந்த வீடு யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு. எனக்கு."

"நான் உங்களுக்கு எப்படிச் சொன்னேன்?"

பெரிய வக்கீல் யோசித்தார். "மெயில்ல."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீஸின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவனுக்கு ஒயர் என்று பெயர். ஆளும் அப்படித்தான், மெலிந்து, நீண்டு, எங்காவது சிக்கியபடியே இருப்பான். அவனைக் கூப்பிட்டார்கள். பின்னாலேயே ஜூனியரும் வந்தான். பெரிய வக்கீலின் தம்பி மகன். தம்பி போன பிறகு இந்த ஆபீஸின் அடுத்த நாற்காலி அவனுக்குத்தான் என்று ஊரே பேசியது. பெரியப்பா மட்டும் இன்னும் பேசவில்லை.

ஒயர் கொஞ்ச நேரம் தட்டினான். அப்புறம் தட்டுவதை நிறுத்தினான்.

"சார்... உங்களுக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும் ஒரு காப்பி சின்னவர் கணக்குக்குப் போகுது."

சின்னவர் என்றால் இறந்துபோன தம்பி. அவர் பெயர் இன்னும் வாசல் பலகையில் இருந்தது. அவருடைய மெயில் கணக்கையும் மூடக் கூடாது என்று பெரிய வக்கீல் சொல்லியிருந்தார். பழைய வழக்குக் கடிதம் தேட வேண்டுமென்றால் டைப்பிஸ்ட், குமாஸ்தா, ஜூனியர் என்று எல்லோரும் அதைத் திறப்பார்கள். பாஸ்வேர்ட் ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"நான் அப்படி எதுவும் செய்யலையே."

"நீங்க செய்யல சார். உங்க பேர்ல வேற ஒண்ணு செஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் அம்மாள் விளக்கமாகச் சொல்லச் சொன்னாள். ஒயர் கையைப் பிசைந்துகொண்டான். மெயில் என்றால் வெறும் எழுத்து, படிப்பதற்கு மட்டும்தான். நம் சர்வரில் ஓடும் சாஃப்ட்வேர் பழசு. எழுத்தையும் கட்டளையையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மெயிலுக்குள் யாராவது ஒரு கட்டளையை ஒளித்து அனுப்பினால், நீங்கள் திறந்த கணமே, நீங்களே உத்தரவு போட்டதாக நினைத்துச் செய்து முடித்துவிடும். இதற்கு கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர்.

"அதாவது என் வீட்டுக்குள்ள வந்து, என் குரல்லயே என் வேலைக்காரனுக்கு உத்தரவு போடுற மாதிரி?"

"அதேதான் சார். அதான் சாஃப்ட்வேரைப் புதுசாக்கலாம்னு எத்தனை தடவை கேட்டேன். ஓடுற வண்டியை ஏன் நோண்டணும்னு சொல்லிட்டீங்க."



"கட்டளை எந்த மெயில்ல வந்தது?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஒயர் தேடினான். திரையைப் பார்த்தான். பெரிய வக்கீலைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கட்டளை வெச்ச மெயில் ஒண்ணு இல்ல மேடம். பத்துப் பதினஞ்சு இருக்கு. எல்லாம்... ஒரே ஆள்கிட்டேருந்து."

"யாரு?"

"சாரோட பொண்ணு."



அந்தப் பெண்ணைப் பற்றி இந்த ஆபீஸில் பேச்சே கிடையாது. தானாகவே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அன்றே தகப்பனார் நடுக்கூடத்தில் நின்று சொல்லிவிட்டார்... இனிமேல் எனக்கு மகள் இல்லை, கடிதம் வந்தால் பிரிக்காமல் குப்பையில் போடுங்கள் என்று. அவள் வேறு தேசத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பதாகக் கேள்வி. சாஃப்ட்வேர்களில் ஓட்டை கண்டுபிடிக்கும் உத்தியோகம்.

ஜூனியர் மெல்லிய குரலில் ஆரம்பித்தான். "பெரியப்பா, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அவளுக்கு நம்ம மேல வஞ்சம். உங்க பேரைக் கெடுக்கணும்னே செஞ்சிருக்கா. ஓட்டை போடுறதுதானே அவ வேலை."

"ஓட்டை கண்டுபிடிக்கிறது," என்று ஒயர் முனகினான்.

"நீ சும்மா இருடா."

இன்ஸ்பெக்டர் அம்மாள் எழுந்தாள். "சரி, ஜூனியர் சார். அந்தப் பொண்ணு மேல புகாரை நீங்களே எழுதிக் குடுங்க. இப்பவே."

ஜூனியர் தன் அறைக்குப் போனான். கொஞ்சம் வேகமாகவே போனான்.

கதவு மூடியது. இன்ஸ்பெக்டர் பெரிய வக்கீலின் பக்கம் திரும்பினாள்.

"ஒரே கேள்வி சார். மெயிலைத் திறந்தாத்தான் கட்டளை ஓடும். நீங்க திறக்கலைன்னா உங்க பொண்ணு குற்றவாளி இல்ல, நான் வேற இடத்துல தேடணும். திறந்தீங்கன்னா, சாட்சியைக் கொல்லப் பார்த்த வழக்குல அவங்கதான் முதல் எதிரி. திறந்தீங்களா?"

திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும். மகளும் தப்புவாள், மானமும் தப்பும். ஆனால் போலீஸ் தப்பான பாதையில் போகும், நர்ஸின் மூன்றாவது கதவும் உடையும்.

பெரிய வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"திறந்தேன்."

ஒயர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதை?"

"எல்லாத்தையும். தினமும்." குரல் மட்டும் இறங்கியது, முதுகு இறங்கவில்லை. "முதல் மெயில்லயே எழுதியிருந்தா. உங்க சர்வர்ல ஓட்டை இருக்கு, நம்பலைன்னா இதோ அத்தாட்சின்னு. திறந்த உடனே திரையில ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதுல 'சாப்பிட்டீங்களா?'ன்னு இருந்தது. கீழ 'சரி'ன்னு ஒரு பொத்தான். அழுத்தினா போயிடும். அவ்வளவுதான் அவ கட்டளை."

"அதுக்கப்புறம் வந்த மெயில்கள்?"

"எல்லாத்துலயும் அதே பெட்டி."

"ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் சார் அடைக்கல?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் சொன்னார்.

"அடைக்கச் சொன்னா, எப்படித் தெரியும்னு இவன் கேப்பான். அவ மெயிலைப் படிச்சேன்னு ஒத்துக்கணும். அப்புறம்... அடைச்சா இந்தப் பெட்டி வராதுன்னும் எழுதியிருந்தா."

மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். சாப்பிட்டீர்களா என்று அவரைக் கேட்க மிஞ்சியிருந்தது அந்த ஓட்டை ஒன்றுதான். அதற்காக ஓர் அப்பாவியின் கதவைத் திறந்து வைத்துவிட்டார். அது அவருக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டருக்கும் புரிந்தது.

அவரே தலை நிமிர்ந்தார்.

"போன வாரம் ஒரு மெயில் வந்தது. அவ பேர்லதான். திறந்தேன். பெட்டி வரல. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கோவமோன்னு நினைச்சேன்..." நிறுத்தினார். "அது அவ அனுப்பினது இல்லம்மா."

ஒயர் கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தான். அந்த மெயிலைப் பிரித்தான்.

"சார் சொல்றது சரி. அனுப்புனர் பேர் போலி. கட்டளையும் வேற. சத்தம் போடாம காப்பி போற ஏற்பாட்டைச் செஞ்சிட்டு ஒதுங்கிடுது."

இன்ஸ்பெக்டர் அம்மாள் அந்த மகளின் எண்ணை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்ட மகள் ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாள்.

"ஓட்டையைப் பத்தி நான் ரெண்டு இடத்துக்கு எழுதினேன் மேடம். ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு ஆபீஸ் பொதுக் கணக்குக்கு. அதுல பெட்டி வைக்கல, விவரம் மட்டும்தான். பதிலே வரல. அந்தக் கணக்கை யார் பார்க்கிறாங்கன்னு பக்கத்துல இருக்கவரைக் கேளுங்க."

"டைப்பிஸ்ட், குமாஸ்தா, ஜூனியர், மூணு பேரும்னு சொல்லுங்க," என்றார் பெரிய வக்கீல், இன்ஸ்பெக்டரிடம்.

"சித்தப்பா கணக்கை யார் திறக்கிறாங்கன்னு சர்வர்ல பதிவு இல்லையான்னு கேளுங்க மேடம்."

"பழைய சாஃப்ட்வேர், அதெல்லாம் எழுதி வைக்காதுன்னு சொல்லுங்க."

இரண்டு பேர் குரலும் ஒரே மாதிரி விறைத்திருந்தது. நடுவில் தலையைத் திருப்பித் திருப்பி இன்ஸ்பெக்டருக்குக் கழுத்து வலித்தது.

"அப்போ அதே ஓட்டையிலயே பிடிப்போம்," என்றாள் மகள்.

சில நிமிடங்களில் பெரிய வக்கீலுக்கு ஒரு மெயில் வந்தது. இன்ஸ்பெக்டர் பெயரில். தலைப்பு... நர்ஸின் புது முகவரி. உள்ளே மகள் எழுதிக்கொடுத்த நான்கு வரிக் கட்டளை, யார் திறந்தாலும் அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிடும். பெரிய வக்கீல் அதைத் தொடவில்லை. அதன் காப்பி, வழக்கம்போல, இறந்தவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

மூவரும் கூடத்தில் வந்து நின்றார்கள். டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டிருந்தாள். குமாஸ்தா ஃபைலுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

காத்திருந்தார்கள்.

"திறந்தாச்சு," என்றது இன்ஸ்பெக்டர் கையிலிருந்த போன்.

டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டேதான் இருந்தாள். குமாஸ்தா நாடாவைப் பல்லால் இழுத்தார்.

டக்.

கடைசி அறையிலிருந்து மவுஸின் சத்தம்.

டக்... டக்... டக் டக் டக்...

இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளினாள். ஜூனியரின் நெற்றியில் வியர்வை. திரையில் ஒரு பெட்டி. 'மாட்டிக்கிட்டே.' கீழே 'சரி'. அழுத்தினால் போனது, உடனே திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி வந்தது.

"எத்தனை தடவை ஒத்துக்குவே? ஒரு தடவை போதும்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஆஸ்பத்திரி முதலாளியின் வக்கீல் அவனுக்குப் பங்குதாரர் நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்தார். அதை ஜூனியர் அரை மணியில் ஒப்புக்கொண்டான். ஜீப்பில் ஏறும் முன் திரும்பிப் பார்த்தான்.

"அவ பேரைப் போட்டா நான் திறப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பெரிய வக்கீல். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க அவ மெயிலைப் படிக்கிறது இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் பெரியப்பா. எங்களுக்குத் தெரியும்னு தெரியாதது உங்களுக்கு மட்டும்தான்."

ஜீப் போய்விட்டது. டைப்பிஸ்ட்டும் குமாஸ்தாவும் அவசரமாகக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் நர்ஸ் நொண்டிக்கொண்டே கூண்டேறினாள். பார்த்ததையெல்லாம் சொன்னாள். கோர்ட் வாசலில் பெரிய வக்கீல் அவளிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

சாஃப்ட்வேரை ஒயர் புதுசாக்கிவிட்டான்.

மதியம். டிபன் பாக்ஸ் மூடியபடி மேஜை மேல் இருந்தது. அவர் மகளின் மெயிலைத் திறந்தார்.

பெட்டி வரவில்லை. கட்டளை வெறும் எழுத்தாக, செத்துக் கிடந்தது. அடைப்புக்குறிகளுக்கு நடுவே 'சாப்பிட்டீங்களா?' என்ற சொல் மட்டும் தெரிந்தது. அழுத்த ஒன்றும் இல்லை.

டெலிபோன் அடித்தது.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"இன்னிக்கு நீங்க 'சரி' அழுத்தலையே," என்றது அந்தக் குரல். "அழுத்தினா எனக்கு இங்க தெரியும்ப்பா. அதைப் பார்த்துட்டுத்தான் நான் சாப்பிட உக்காருவேன்."

அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.

"ஓட்டையை அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு."

"அப்போ இனிமே வாயாலதான் கேக்கணும். சாப்பிட்டீங்களா?"

பெரிய வக்கீல் மூடியிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்ல. என்னிக்குமே இந்நேரத்துக்குச் சாப்பிட்டதில்ல. நீ 'சரி'ன்னு ஒரே ஒரு பொத்தான் வெச்சுட்டு, ஒரு வக்கீலையே தினமும் பொய் சாட்சி சொல்ல வெச்சிட்டியேம்மா!"