துளை இல்லாத போனும் தபால் கழுதையும்

அந்தக் குழந்தைகள் வார்டில் நாலே நாலு கட்டில்கள். மத்தியானம் இரண்டு மணி ஆனால் அங்கே சத்தம் கூடாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தைகள் தூங்கும் நேரம் அது. ஒன்று விழித்து அழுதால் போதும், மற்றதெல்லாம் சேர்ந்து பின்பாட்டுப் பாடும். அதனால் மூன்று மணி வரை யாரும் கிசுகிசுப்புக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்பது பெரிய நர்ஸம்மாவின் உத்தரவு.

இரண்டாம் கட்டிலில் இருந்தவளுக்கு அது பெரிய தண்டனை. பத்து வயதுப் பெண். மரத்தில் ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை. குதித்தாள். வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. காலைத்தான் கட்டிப்போட முடிந்தது, வாயை முடியவில்லை. வந்த அன்றே நர்ஸ் அக்கா அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்துவிட்டார்.

மூன்றாம் கட்டிலில் விஞ்ஞானி. குடல்வால் ஆபரேஷன் ஆகி நாலு நாள். அவளைவிட ஒரு வயது பெரியவன். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். கேட்காவிட்டாலும் வைத்திருப்பான்.

முதல் கட்டிலில் பொடியன். ஐந்து வயது. தொண்டைச் சதை வீங்கி அடிக்கடி காய்ச்சல் வந்ததால், அன்று மூன்று மணிக்கு அவனுக்கு ஆபரேஷன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. முகம் சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிப்போயிருந்தது. நாலாம் கட்டில்காரன் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டான்.

சத்தம் போடக் கூடாத அந்த ஒரு மணி நேரத்துக்கு நர்ஸ் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதன் ஒரு பக்கம் வால் மாதிரி ஒரு ஒயர், மறுபக்கம் நாலு துளைகள். வாலை அவருடைய போனில் சொருகி, நாலு துளையிலும் நாலு ஹெட்போனைச் சொருகிவிட்டால், நாலு கட்டிலுக்கும் ஒரே கதை கேட்கும். வெளியே ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட வராது.

தினம் பத்து நிமிடம் தபால் கழுதையின் கதை. முதுகில் கடிதப் பையும் கழுத்தில் ஒரு விளக்குமாக ஊர் ஊராகப் போகும் கழுதை அது. முந்தின நாள் ஒரு நீளமான இருட்டுச் சுரங்கத்தின் வாசலில் வந்து நின்றது. உள்ளே காலை வைத்தது. அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது.

அப்போதிலிருந்து பொடியன் பிடித்த பிடியை விடவில்லை. "கழுதை வெளிய வந்தா நானும் உள்ள போறேன். அது வரலேன்னா நான் போக மாட்டேன்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டான். டாக்டர் யோசித்துப் பார்த்து, சரி, கழுதை வரட்டும் என்று ஒப்புக்கொண்டார். பொடியனின் அப்பாதான் பாவம், கழுதை நல்லபடியாக வரவேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டே ஆபரேஷன் படிவத்தை நிரப்பப் போனார்.

இங்கேதான் வந்தது வில்லங்கம். நர்ஸ் அக்காவின் பழைய போன் அன்று காலை துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து உயிரை விட்டுவிட்டது. அவர் கையில் புதுப் போன் பளபளத்தது. பெட்டியின் வாலைச் சொருக இடம் தேடினார். மேலே இல்லை, கீழே இல்லை, பக்கத்திலும் இல்லை. சார்ஜ் போடும் ஓட்டையில் நுழைத்துப் பார்த்தார். அது வாயைத் திறக்க மாட்டேன் என்றது.

"இந்த மாடல்ல ஹெட்போன் துளையே கிடையாது அக்கா. இப்ப வர்ற போன்ல எடுத்துட்டாங்க" என்றான் விஞ்ஞானி.

"எடுத்துட்டாங்களா? யாரைக் கேட்டு எடுத்தாங்க?" என்றாள் வாயாடி.

விஞ்ஞானி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். துளை இருந்தால் தூசி போகும், தண்ணீர் போகும், அந்த இடத்தை அடைத்தால் உள்ளே பெரிய பேட்டரி வைக்கலாம், ஒயர் சிக்கலும் இல்லை, கம்பெனிக்காரர்கள் என்ன முட்டாள்களா என்று கிசுகிசுப்பிலேயே ஒரு சொற்பொழிவு நடத்தினான். அக்காவின் பழைய போன் செத்ததே அந்தத் துளையால்தான் என்றும் சொன்னான்.

"வாளில முங்கினா துளை இல்லாத செங்கல்லும்தான் நனையும். நாலு பேர் கேட்டுக்கிட்டிருந்தோம். இப்ப எத்தனை பேர் கேக்கறது, அதைச் சொல்லு" என்றாள் வாயாடி.

விஞ்ஞானி மறுபடி தலையணையில் சரிந்துகொண்டான்.

நர்ஸ் அக்கா தன் பையிலிருந்து ஒயர் இல்லாத குட்டி ஹெட்போனை எடுத்தார். காதுக்கு ஒன்றாக இரண்டே இரண்டு. ஒன்றைப் பொடியனுக்கு வைத்தார். அவன் காதோ குட்டிக் காது. அது பட்டாணி மாதிரி உருண்டு விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. மறுபடி வைத்தார், மறுபடி ஓடியது. விரலால் அழுத்திப் பிடித்தால், காது வலிக்கிறது என்று பிடுங்கிப் போட்டான். பெரிய ஹெட்போன் என்றால் அவன் தலையில் தொப்பி மாதிரி உட்காரும். ஆனால் அதற்கு ஒயர் உண்டே, அதைச் சொருகத் துளைக்கு எங்கே போவது?

சத்தமாக வைத்துவிடலாமா என்று விஞ்ஞானி கேட்டதற்கு, அக்கா தடுப்பைக் காட்டி உதட்டில் விரல் வைத்தார்.

பொடியனின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது. "அப்ப கழுதை வந்துச்சான்னு எனக்குத் தெரியாதா?"

மணி இரண்டே முக்கால்.

"என் காதுல ஒண்ணு வைங்க அக்கா. அவன் காதுல ஒண்ணு" என்று விஞ்ஞானியைக் காட்டினாள் வாயாடி. "பொடியன் கட்டிலை என்கிட்ட தள்ளி விடுங்க. எனக்குக் கேக்கக் கேக்க நான் அவனுக்குச் சொல்றேன். நான்தான் ஒயர்."

கட்டில்கள் ஒட்டிக்கொண்டன. கதை ஆரம்பித்தது. வாயாடி காதில் கேட்டதை எல்லாம் பொடியன் காதில் ஊற்றினாள். கழுதை நடந்தது, தண்ணீர் சொட்டியது, வௌவால் பறந்தது. பொடியன் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

சுரங்கத்தின் நடுவில் காற்று வந்து விளக்கை அணைத்துவிட்டது. ஒரே இருட்டு. அப்போது காதுக்குள் ஒரு குரல், "மீதிக் கதை நாளைக்கு" என்றது. அதோடு சரி.

வாயாடிக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்த்தாள். விஞ்ஞானியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே நேரம் கதவு திறந்தது. தள்ளுவண்டிக் கட்டிலோடு ஆள் வந்துவிட்டார். பின்னாலேயே பொடியனின் அப்பா.

"கழுதை வெளிய வந்துடுச்சா?" என்றான் பொடியன்.

எல்லோரும் வாயாடியைப் பார்த்தார்கள். அவள் காதிலிருந்ததை எடுக்கவில்லை. இன்னும் கேட்பது போல விரலால் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரு, இப்பத்தான் வருது. விளக்கு அணைஞ்சு போச்சா, கழுதைக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு."

"அழுதுச்சா?"

"கொஞ்சூண்டு. அப்புறம் அதுக்குத் தூக்கம் தூக்கமா வந்துச்சு. அங்கேயே படுத்துத் தூங்கிடுச்சு. கண்ணைத் திறந்து பாத்தா, வெளிய இருக்கு. நல்ல வெளிச்சம். எப்படி வந்துச்சுன்னு அதுக்கே தெரியலை. பக்கத்துல அதோட அப்பா உக்காந்திருக்காரு."

கதவருகே நின்ற பொடியனின் அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிச்சுதா?"

"தொண்டை மட்டும் கொஞ்சம். அதுக்குத்தான் ஐஸ்கிரீம் குடுத்தாங்க."

பொடியன் நம்பலாமா வேண்டாமா என்பது போல விஞ்ஞானியைப் பார்த்தான். விஞ்ஞானி பொய் சொல்லாதவன், எல்லோருக்கும் அது தெரியும். அவன் தன் காதை விரலால் அழுத்தினான். ரொம்ப நேரம் கூர்ந்து கேட்டான்.

"ரெண்டு கப்பு" என்றான். "வெனிலா."

பொடியன் அவள் சுண்டுவிரலை விட்டான். தானே போய்த் தள்ளுவண்டிக் கட்டிலில் ஏறிப் படுத்தான். அவன் போன பிறகுதான் இரண்டு பேரும் காதிலிருந்ததைக் கழற்றினார்கள்.

சாயங்காலம் பொடியன் தூங்கிக்கொண்டே திரும்பி வந்தான். கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம், பக்கத்தில் அப்பா. ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவன் வாயாடியைப் பார்த்து இரண்டு விரல்களைக் காட்டினான்.

மறுநாள் மத்தியானம் நர்ஸ் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். போன் கடையில் விசாரித்து ஒரு குட்டி ஒயர் வாங்கி வந்திருந்தார். அதன் ஒரு முனை புதுப் போனின் சார்ஜ் ஓட்டையில் போனது, மறுமுனையில் பெட்டியின் வால் சமர்த்தாக உட்கார்ந்தது. பொடியன் தலையில் பெரிய ஹெட்போன் ஏறியது.

வாயாடி மட்டும் தன் ஹெட்போனைத் தயங்கித் தயங்கி மாட்டினாள். உண்மையான கதை இப்போது வந்துவிடுமே.

வந்தது. இருட்டைக் கண்டு பயந்த கழுதை வந்த வழியே திரும்பி ஓடிவிட்டதாம். சுரங்கமே வேண்டாம் என்று மலையைச் சுற்றிக்கொண்டு போனதாம்.

பொடியனின் புருவம் நெளிந்தது. அவன் வாயாடியைப் பார்த்தான். அவள் கையை இறுக மூடிக்கொண்டு மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொடியனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, தொண்டை புண்ணாக இருந்தது. அவன் போனைப் பார்த்து, தப்புத் தப்பாகச் சொல்கிறாயே என்பது போல ஆள்காட்டி விரலை ஆட்டினான். பிறகு தன் ஹெட்போன் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினான். இன்னும் ஒட்டியே கிடந்த கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தான். வாயாடியின் மூடிய கையை எடுத்து, சுருண்ட விரல்களின் நடுவே இருந்த இடைவெளியில் ஒயரின் முனையைப் பதமாகச் சொருகினான். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, கதைக்குக் காத்திருந்தான்.

விஞ்ஞானி எட்டிப் பார்த்தான்.

"இந்த மாடல்ல துளை இருக்கு" என்றான் கிசுகிசுப்பாக.

வாயாடி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையை அசைக்காமல், அந்தக் குட்டிக் காதின் பக்கம் குனிந்தாள்.