சோற்றுத் துரை

மடு மாதா மீதும், பெல்லெகிரீனோ மலைக் குகையில் படுத்திருக்கிற புனித றொசாலியா மீதும் சத்தியம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பகேரியாவிலுள்ள அந்த மாளிகையின் கூடத்தில் அன்று பழஞ்சோற்று வாடை அடித்தது. சமையற்கட்டில் கொதித்துக்கொண்டிருந்ததோ பாஸ்தா. வேலைக்காரன் கிறிகோரி மூக்கைச் சுளித்தான். மூலையில் பெட்டியொன்றின்மேல் உட்காரவைத்திருந்த, மீசை ஒட்டிய முகமூடி போட்ட இரும்புக் கவசத்துக்குள்ளிருந்து அது வந்தது.

வாங்கியவர் வீட்டுக்காரர் பரோனே. கூரை ஒழுகினாலும் பிரபுப் பட்டத்தை விடாத மனிதர். கவசத்தின் பழைய சொந்தக்காரன் ஜப்பானில் ஒரு டைமியோவாம். பத்தாயிரம் பேருக்கு வருடம் முழுக்கச் சோறு விளைகிற நிலம் இருந்தால் அந்தக் காலத்தில் அங்கே அந்தப் பட்டம். அவன் பவனி போனால் வழியிலுள்ளோர் நெற்றி நிலத்தில் பட விழவேண்டும்; நிமிர்ந்த தலை போய்விடும். ஆகவே அந்தக் கூடத்துச் சலவைக்கல்லைத் தடிவைத்த துடைப்பத்தால் துடைக்கக்கூடாது, முழங்காலில் நின்று துணியால்தான் துடைக்கவேண்டும் என்பது பரோனேயின் கட்டளை.

“சோத்தாலை அளந்த துரையோ?” என்றான் கிறிகோரி, சமையற்கட்டிலிருந்த மனைவி அமலினியிடம். “அப்ப கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழை வயல் செய்யிற எங்கடை ஆக்களெல்லாம் துரைதான். மீசையைப் பாத்தனியே? குதிரை மயிர்!”

“வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோப்பா. வேலைக் கொந்த்ராத்தோக் கடுதாசியிலை அந்தாள் கையெழுத்து வைக்காட்டி இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. ரண்டு பேரும் மன்னாருக்குத்தான்.”

முழங்காலில் நின்றான். வெளியே சிரோக்கோ காற்று ஆப்பிரிக்க மணலை அள்ளிவந்து சன்னல் பலகைகளில் உரசிக்கொண்டிருந்தது. அடைத்த பலகைகளின் இடுக்கு வழியே வந்த மத்தியான வெளிச்சம் அரக்குப் பூசிய கவசத் தகடுகளில் சிவந்து வழிந்து, அதன் கீழே கிடந்த வைக்கோல் செருப்புகளில் போய் முடிந்தது. காலையில் அவை சுவரைப் பார்த்திருந்தன. இப்போது அவனைப் பார்த்தன.

“பெரிய துரை,” என்று துப்பாத குறையாகச் சொல்லி எழும்பப் பார்த்தான்.

கவசத்துக்குள் ஏதோ மென்றது. நிறுத்தியது. பட்டு நாடாக்கள் இறுகின, யாரோ மூச்சிழுப்பதுபோல.

பெட்டி முனகியது.

செருப்புகள் நிறைந்தன.

ஓடலாம். கையெழுத்து?

குனிந்தான். நெற்றி கல்லில். பிடரியில் சூடாக, சோற்று மூச்சு. வேதக்காரனுக்கு அந்நேரம் வாயில் வருவது ஒரு சொல்தான். பரலோகத்தில் இருப்பவரைத்தான் கூப்பிட்டான்.

“ஆண்டவரே!”

நாடொன்றை ஆண்டவன்தான் அங்கே நின்றான்.

“ஓம்,” என்றது மீசை.

அமலினி வந்து பலகையைத் திறந்தபோது கவசம் பெட்டியில் இருந்தது. அதன்முன் கிறிகோரியின் நீலச் சட்டையும் காற்சட்டையும் முழங்காலில் நின்று, கைகளை முன்னே நீட்டிக் குனிந்திருந்தன. உள்ளே ஆளில்லை. பரோனே எட்டிப் பார்த்து, கல் இன்னும் ஈரம் என்று குறை சொல்லிவிட்டுப் போனார். குதிரைமயிர் மீசைக்குக் கீழே இரும்பு வாய் மெதுவாக மென்றுகொண்டிருந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அதே கிறிகோரிதான், போன ஞாயிறு, பூசை முடிந்து, மீன் பணிஸ் மென்றுகொண்டே.