வெந்த கல்

இருபது நிமிடம் கொதித்த கல்லில் உயிர் வராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் மீன்தொட்டியின் முன் குனிந்தபோது, அந்த வெள்ளைக் கல்லின் ஓரத்தில் ஒரு மொட்டு இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் கோடு போட்டாற்போல் ஒரு வாய், சுற்றிலும் இமைமுடி மாதிரி மெல்லிய இழைகள். நிறம் இளஞ்சிவப்பு.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நிறத்தில் அவன் கண் ஏமாறாது. இந்த நிறத்துக்காகத்தான் இரண்டு வருஷமாக அந்த உப்புத் தண்ணீரோடு மல்லுக்கு நின்றான். விளக்கை ஏற்றினான், இறக்கினான், நீல ஒளியைக் கூட்டினான், கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான், தினமும் தண்ணீரைச் சோதித்து ஒரு நோட்டில் எழுதினான். அவன் ஆசையாக வாங்கி வைத்த கிளைப்பவளம் மட்டும் காப்பித்தூள் நிறத்திலேயே பிடிவாதமாக நின்றது. "பேசாம அதையே கட்டியிருக்கலாம் நீங்க. அது உங்க பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது, தப்பிச்சிருச்சு. நான்தான் கேட்டுத் தொலைக்கிறேன்" என்று மனைவி கேலி செய்வாள்.

அவள் போய் நாற்பது நாளாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது நடந்தது. பட்டன் என்று சொல்லி விற்ற ஒரு சில்லறைப் பவளம், களையாகப் பரவி, கிளைப்பவளத்தின் காலடி வரைக்கும் வந்துவிட்டது. அது ஒட்டியிருந்த கல்லை வெளியே எடுத்து அவளைக் கூப்பிட்டான். அவள் பால்கனியில் உட்கார்ந்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். இடது கை முடிந்திருந்தது, வலது கை பாக்கி. "இதைப் பாத்திரத்துல போட்டு நல்லாக் கொதிக்க விடு. சனியன் வேரோட சாகட்டும்" என்றான். "நகம் காயட்டுமே" என்றாள். "அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

விற்றவர் அன்றைக்கே சொல்லியிருந்தார்: "பட்டனுக்கு வெந்நி மட்டும் காட்டிடாதீங்க சார், அந்த ஆவி விஷம்." சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. இந்த ஆட்கள் எலியைப் புலியாக்குவார்கள் என்று நினைத்தான், அவ்வளவுதான். அப்புறம், ஆவி வந்து தொட்டியின் புது விளக்குக் கண்ணாடியில் படிந்துவிடக் கூடாதே என்று, கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தாண்டிப் போய்ச் சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தினான். அவள் உள்ளேதான் இருந்தாள்.

மத்தியானம் இருமல். ராத்திரி காய்ச்சல். "வாயில இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல ஆசிட், பூச்சி மருந்து, ஏதாவது புகை, ஆவி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, டாக்டர்."

அப்போது அவளுக்கு மூச்சு இருந்தது. அடுத்த நாள் இல்லை. தான் ஆசைப்பட்டு வளர்த்த தொட்டியால்தான், தான் சாத்திய கதவால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று மகளுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் சொன்ன ஒரு வார்த்தை அது. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளோ என்று கேட்க அவனுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

கல்லைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அவள் கடைசியாகக் கழுவி வைத்த பொருள் அது. அதை மறுபடி தொட்டிக்குள்ளேயே வைத்திருந்தான்.

மொட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது விளக்கின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. சட்டை நுனியால் துடைத்தான், தொழில் பழக்கம். துணியில் வேகவைத்த கடலின் வாடை இருந்தது.

அடுத்த வாரம் இரண்டாவது மொட்டு. அதற்கடுத்து மூன்றாவது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், குறுகுறுப்புதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு நோட்டை எடுத்துப் பார்த்தான். கால்சியம் அதே. உப்பு அதே. விளக்கு அதே. எதுவும் மாறவில்லை. தேதிகளைப் பார்த்தான். முதல் மொட்டு வந்த அன்று மத்தியானம் மச்சான் அவன் கடைக்குப் போன் செய்திருந்தார். மனைவியின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், ஒரு கேள்வியைப் பிடித்தால் உடும்புப் பிடி. "மாப்ள, அன்னிக்கு அவ எதையாவது சுவாசிச்சாளா?" என்று கேட்டார். ஒண்ணுமில்ல மச்சான் என்றிருந்தான். இரண்டாவது மொட்டு வந்த அன்று அவரே நேரில் வந்து கேட்டார். ஒண்ணுமில்ல. மூன்றாவதற்கு, எதிர்வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்தி, "நல்லா இருந்த பொண்ணு, திடீர்னு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். ஒண்ணுமில்லக்கா.

நோட்டை மூடினான். இரண்டு வருஷமாகத் தேடிய உரம் எதுவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு, கல்லைப் பிடுங்கிவிடத் தண்ணீருக்குள் கையை விட்டான். அது அடிப்பாறையோடு ஒட்டி வளர்ந்திருந்தது, அசையவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மச்சான் அவன் மகளைக் கூட்டி வந்தார். எட்டு வயது. வாலு என்றால்தான் திரும்பிப் பார்க்கும். அம்மா போனதிலிருந்து மாமா வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாள் இங்கே தங்கட்டும், பயப்படாமல் இருந்தால் நிரந்தரமாக விடலாம் என்று பேச்சு. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவன் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். மகள் திரும்பி வராவிட்டால் இந்த வீட்டில் அவனும் அந்தத் தொட்டியும்தான்.

வாசலில் மச்சான் குரலைத் தணித்தார். "மாப்ள, கடைசியாக் கேக்கறேன். குழந்தையை விட்டுட்டுப் போறேன். இந்த வீட்டுல எதுவும் இல்லையே?"

சொல்லிவிடலாம். சொன்னால் அவர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

அவர் போன பிறகு அவன் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. உள்ளே தண்ணீர் வழிந்து இறங்கும் குழாய் எப்போதும் சலசலவென்று சீராக ஓடும். இப்போது ஒரு நொடி நின்று, தொண்டையில் எதையோ பிடித்துக்கொண்டு, மறுபடி ஓடியது. அவனுக்கு அந்த இருமல் தெரியும். மூன்று நாள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டியின் வெள்ளை விளக்கு அணைந்து நீல விளக்கு எரிந்தது. கூடமே கடலடியானது போல் சுவர், நாற்காலி, காலண்டர், மகளின் பள்ளிப்பை எல்லாம் நீலத்தில் மூழ்க, பம்பின் ரீங்காரமும் உப்பு வாடையும் அறையை நிறைக்க, அந்தக் கல்லில் மட்டும் இளஞ்சிவப்பு தணல் மாதிரிக் கனன்றது. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றிருந்தாள்.

"அப்பா, இங்க பாருங்க. நாலு விரல்."

"விரல் இல்லடா. பட்டன். தள்ளி வா."

"அம்மா நெயில் பாலிஷ் கலர்." அவள் தன் கையைக் கண்ணாடியில் விரித்து அளந்து பார்த்தாள். "என் கையைவிடப் பெருசு. அம்மா கை சைஸு. கட்டைவிரல்தான் காணோம்."

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை.

"அன்னிக்கு அம்மா கிச்சன்ல என்னப்பா பண்ணிட்டிருந்தாங்க? கதவு ஏன் சாத்தியிருந்துச்சு?"

குழாய் நின்றது. பம்பும் நின்ற மாதிரி இருந்தது. நாலு மொட்டும் அகலமாகத் திறந்து காத்திருந்தன. எட்டு வயதுக் குழந்தையிடம் எதைச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம். வளர்ந்த பிறகு சொல்லலாம்.

"ஒண்ணும் பண்ணலடா" என்றான்.

கல்லின் அடியில், சற்று விலகி, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், ஐந்தாவது மொட்டு அவன் கண்ணெதிரே விரிந்தது.

மகள் இருமினாள்.

சின்ன இருமல். அப்புறம் இன்னொன்று. நாக்கை நீட்டி முகத்தைச் சுளித்தாள். "வாயில இரும்பு மாதிரி இருக்குப்பா."

அவளை அள்ளினான். நெற்றி கொதித்தது. வாசல் கதவின் கைப்பிடி திரும்பவில்லை. இழுத்தான். தோளால் இடித்தான். அது வெளியிலிருந்து யாரோ இழுத்துச் சாத்திய மாதிரி இறுக்கமாக இருந்தது. விளக்கில் ஆவி. ஜன்னலில் ஆவி. அவன் மூக்குக்கண்ணாடியிலும் ஆவி. தடவித் தடவிப் போனை எடுத்து மச்சானை அழைத்தான்.

"சொல்லுங்க மாப்ள."

"மச்சான், வாலுக்கு இருமல். உடனே வாங்க. கதவு..."

"என்ன இருமல்? மாப்ள, இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. அந்த வீட்டுல என்ன இருக்கு?"

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். கல். கொதி. கதவு. நான்தான். நான்தான் சாத்தினேன். வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறந்தான்.

வாயில் இரும்பு.

தொண்டையிலிருந்து சலசலவென்று தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது.

அவனுக்குப் பின்னால், தொட்டியிலிருந்து, அவன் குரலே பேசியது. நிதானமாக. பழகிய குரலில்.

"ஒண்ணுமில்ல மச்சான். சாதாரண இருமல்தான். வீட்டுல ஒண்ணுமே இல்ல."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி. நீங்க இவ்வளவு உறுதியாச் சொல்றப்ப நான் என்ன சொல்ல. காலைல வந்து பாக்கறேன்."

போன் அணைந்தது.

மகள் அவன் தோளில் முகம் வைத்து இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் குழாய் நின்று நின்று ஓடியது. அவன் மெல்லத் திரும்பினான்.

ஐந்து இளஞ்சிவப்பு வாய்களும் பேசி முடித்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், இன்னும் நிறம் ஏறாமல், அவற்றைவிடச் சின்னதாக, ஒரு குழந்தையின் கை அளவில், வேறு ஐந்து மொட்டுகள்.