ஆணியில் தொங்கிய சக்கரம்

மதியம் ஒரு மணிக்கு வந்த சைக்கிள் மெக்கானிக், உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை. விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர் மாதிரி கதவோரமாகவே நின்றார்.

"நாலு மணிக்கு சைக்கிள் கிளப்புல கூட்டம் சார். பதினெட்டு வருஷமா அங்க ஓடுற பந்தய சைக்கிள் எல்லாம் என் கையால பூட்டுனது. இன்னைக்கு என் பேரை எடுத்துடப் போறாங்க. அப்புறம் பஞ்சர் ஒட்டக்கூட ஒருத்தர் படியேற மாட்டாங்க."

ஊரே சர்வேயர் என்று அழைக்கும் அந்த வீட்டுக்காரர், விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து யார் சொல்வது உண்மை என்று முப்பது வருஷம் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தவர். அவர் எதிரில் இருந்தவர் அவருடைய மச்சினர். குழாய், வாஷர், வால்வு விற்கும் கடைக்காரர். அத்தானோடு துப்பறியக் கிளம்பும்போது அவருக்கு வரும் சுறுசுறுப்பில் பாதி வியாபாரத்தில் வந்திருந்தால் இந்நேரம் இரண்டாவது கடை திறந்திருப்பார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் சர்வேயர்.

மெக்கானிக் சொன்னார். கிளப்பின் நம்பிக்கை நட்சத்திரம் ஒரு பெண். எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பந்தயம். அதற்காகப் புதிதாகக் கார்பன் சக்கரங்கள் வாங்கியிருந்தாள். வியாழக்கிழமை அவற்றை மாட்டிக்கொடுத்தவர் இவர். பந்தயத்தில் இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கும் வளைவில் பாப்பா கியரைப் பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றினாள். சங்கிலி தாவி, பல்லுக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் நடுவே விழுந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

"பின்சக்கரத்துக் காசெட் லூசா ஆடுதாம். சரியா இறுக்கலைன்னு அவ அண்ணன் புகார் எழுதிட்டாரு. வண்டியைப் பார்க்கக்கூட என்னை விடல."

"காசெட்னா?" என்றார் குழாய்க்கடைக்காரர்.

"பின்னாடி இருக்குற பத்துப் பல்சக்கரமும் சேர்ந்த அடுக்கு. அதை மாட்டுற ஹப்பு, சக்கரத்து நடு உருளை, புதுசுல பதினோரு பல்லுக்கானது, கொஞ்சம் நீளம். பாப்பாவோடது பத்துப் பல். அந்த இடைவெளிக்கு உள்ள ஒரு மெல்லிய வளையம் போட்டு, மேல பூட்டு இறுக்கி, கையால ஆட்டிப் பார்த்துத்தான் குடுத்தேன். கார்பனுக்குன்னு தனியா வர்ற பிரேக் கட்டையும் புதுசா மாட்டினேன். சீட்டுத் தண்டைத் துடைச்சுக் கிரீஸ் தடவி, அவ உயரத்துக்கு டேப் ஒட்டி நிறுத்தினேன். கடை வாசல்லயே இருபது நிமிஷம் ஓட்டினா. எல்லாப் பல்லும் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு."

"அதுக்கப்புறம் ஓட்டினாளா?"

"வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆபீஸ். மழை வேற. சனி ஓய்வு. நேரா பந்தயம்தான்."

சர்வேயர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பாப்பாவின் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு ஷெட். சைக்கிளைத் தாங்கியில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே மூன்று பேர். கைக்குத் தூளி கட்டி நாற்காலியில் பாப்பா. அவள் தோளுயரமே இருந்தாலும் மூவருக்கும் சேர்த்துப் பேசும் கோச். கதவு நிலைக்குத் தலை குனிந்து நுழையும் நெட்டையான அண்ணன். மெக்கானிக்கை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார் அண்ணன்.

"பார்க்க என்ன சார் இருக்கு?" என்றார் கோச். "இருபது நிமிஷம் ஓட்டுனா தெரியாது. போகப்போகத்தான் லூசாகும். இந்தச் சக்கரத்தை என் மூலமா வாங்குன்னு அப்பவே சொன்னேன். கேட்கல."

குழாய்க்கடைக்காரர் அத்தானின் காதைக் கடித்தார். "கமிஷன் போன வயித்தெரிச்சல் அத்தான். ஷெட்டுச் சாவி இவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க."

சாவி இரண்டு. ஒன்று அண்ணனிடம், ஒன்று கோச்சிடம். குழாய்க்கடைக்காரர் வழக்கு முடிந்த முகத்தோடு கைகட்டி நின்றார்.

சர்வேயருக்கு அவசரமே இல்லை. சுவர்க் கடிகாரம் இரண்டே முக்காலைக் காட்டியது. முன் பிரேக் கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பின் கட்டைகள். அவற்றை விரலால் தடவி, மேஜையில் தனியாக வைத்தார். இரண்டு டயர்களையும் ஓரமாக நெம்பி டியூப்பைப் பார்த்தார். முன்னால் கறுப்பு மூடி போட்ட டியூப், பின்னால் வெள்ளி மூடி. கடைசியாகச் சீட்டுத் தண்டை உருவினார். டேப்புக்குக் கீழே, குழாய்க்குள் மறைந்திருந்த பகுதியில், நாலு விரல் அகலத்துக்குக் கிரீஸில் சேறு பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது.

சும்மா நிற்கத் தெரியாத குழாய்க்கடைக்காரர் வேலைமேஜையின் ஆணித்தட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு வளையத்தை எடுத்து விரலில் சுழற்றினார். "இந்த வாஷரை எந்தக் குழாய்க்கு வாங்குனீங்க? ரெண்டு மில்லிமீட்டர் கனம்கூட இல்ல. எந்தக் குழாய்க்கும் சேராது. யாரோ உங்க தலையில கட்டிட்டான்."

"அது ஏதோ மிச்சம்" என்றார் அண்ணன்.

சர்வேயர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆணிகளில் பழைய அலுமினியச் சக்கரங்கள். முன்சக்கரத்தில் மெல்லிய தூசி. பின்சக்கரம் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இதையெல்லாம் கடைசியா எப்போ எடுத்தீங்க?"

"வியாழக்கிழமை மாட்டுனதுதான். தொடவேயில்ல" என்றார் அண்ணன்.

"அம்மா, வெள்ளிக்கிழமை நீ வீடு திரும்பினப்போ மணி என்ன?"

"ஏழு" என்றாள் பாப்பா. "ஏன் சார்?"

"மச்சான், மெக்கானிக்கை உள்ள கூப்பிடு."

மெக்கானிக் உள்ளே வந்தார். யாரும் அவருக்கு இடம் விடவில்லை. மணி மூன்று பத்து. குழாய்க்கடைக்காரர் கடிகாரத்தையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். கோச் செருப்பைத் தேய்த்தார்.

சர்வேயர் ஒரு பின் கட்டையை மெக்கானிக்கிடம் நீட்டினார். "இது நீங்க மாட்டுனதா?"

மெக்கானிக் அதைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "நான் மாட்டுனதுதான். ஆனா இதுல அலுமினியத் தூள் பதிஞ்சிருக்கே. கார்பன் ரிம்ல உரசினா இது எங்கேர்ந்து வரும்?"

"முன் கட்டையில இல்ல. பின்னாடி மட்டும். அதாவது, புதுக் கட்டை மாட்டினதுக்கு அப்புறம், இந்த வண்டி பழைய அலுமினியப் பின்சக்கரத்தோட ஓடியிருக்கு. மழையில ஓடியிருக்கு. ஈரத்துலதான் இப்படிச் சுரண்டிப் பதியும்."

"பின்சக்கரம் மட்டும் எதுக்கு மாத்தணும்?" என்றார் குழாய்க்கடைக்காரர்.

"பஞ்சர். கார்பன் ரிம் ஆழமானது. அதுக்கு நீள வால்வு டியூப் வேணும். வீட்டுல இருக்குற பழைய டியூப்போட வால்வு குட்டை. ரிம்முக்கு வெளியவே தலை நீட்டாது, காத்தடிக்க முடியாது. அதனால ஓட்டினவர் பழைய பின்சக்கரத்தை எடுத்திருக்கார். பந்தயத்துக்கு முன்னாடி நீள வால்வு டியூப் வாங்கி, புதுச் சக்கரத்தைத் திரும்ப மாட்டியிருக்கார். அதான் முன்னாடி ஒரு மூடி, பின்னாடி ஒரு மூடி."

கோச் வாயைத் திறந்தார். சர்வேயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சக்கரம் மாறினா காசெட்டும் மாறணும். வீட்டுல இருக்குறது ஒண்ணே ஒண்ணு. புதுச் சக்கரத்துலேர்ந்து கழற்றிப் பழையதுல போட்டாங்க. பழைய ஹப்பு குட்டை. அதுல அந்த வளையத்தைச் சேர்த்துப் போட்டா மேல பூட்டு பிடிக்காது. அதனால வளையத்தை ஓரமா வெச்சாங்க. திரும்பப் புதுச் சக்கரத்துக்கு மாத்தினப்போ, ஓரமா வெச்சது ஓரமாவே இருந்துடுச்சு. பூட்டு இறுகின மாதிரிதான் கைக்குத் தெரியும். உள்ள காசெட் ஆடும். மெக்கானிக்கா இருந்தா கடைசியா ஒருதடவை ஆட்டிப் பார்த்திருப்பார்."

எல்லோர் பார்வையும் குழாய்க்கடைக்காரரின் விரலுக்குப் போனது. அவர் அப்போதும் அந்த வளையத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தி, சூடான பாத்திரத்தை வைப்பதுபோல மேஜையில் வைத்தார்.

"இதுதான்" என்றார் மெக்கானிக். "நான் போட்ட வளையம்."

"அப்போ கோச்சுதான்..." என்று ஆரம்பித்தார் குழாய்க்கடைக்காரர்.

"மச்சான், தண்டைப் பாரு. டேப்புக்குக் கீழ, உள்ள மறையற இடத்துல நாலு விரல் சேறு. சீட்டை நாலு விரல் ஏத்தி மழையில ஓட்டிட்டு, அப்படியே இறக்கிட்டாங்க. கோச் ஓட்டியிருந்தா சீட்டை இறக்கியிருப்பார். பாப்பாவை விட அவர் குள்ளம்."

கோச் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் குள்ளமாக இருந்ததற்குச் சந்தோஷப்பட்டார்.

அண்ணன் நிலைப்படியில் தலை இடிக்கப் பின்வாங்கினார். பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வளையம் எதுக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார் அண்ணன். "என் பலம் கொண்டமட்டும் இறுக்கினேன் சார். அதனால லூசானது என் வேலைன்னு தோணவே இல்ல. இவர் வேலைன்னுதான் நிஜமாவே நினைச்சேன்."

"அப்போ தொடவேயில்லன்னு எதுக்குச் சொன்னீங்க?"

அண்ணன் பாப்பாவைக் காட்டினார். "என் சைக்கிளை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் ஆபீஸ் போனா. நானும் ஒரு காலத்துல பந்தயத்துல ஓட்டினவன். பேங்க்ல சேர்ந்து எல்லாத்தையும் விட்டேன். அந்தச் சக்கரத்துல ஒரே ஒரு தடவை அந்த இறக்கத்துல போய்ப் பார்க்கணும்னு தோணுச்சு. கீழ வந்ததும் பஞ்சர். தள்ளிட்டு வந்து, பழைய சக்கரத்தைப் போட்டு இன்னொரு தடவை போனேன்."

"ஒரு பொய்யை மறைக்க ஒரு மனுஷனோட பதினெட்டு வருஷத்தை எடுத்து நீட்டிட்டீங்க" என்றார் சர்வேயர். குரல் ஏறவில்லை. "மணி மூணரை. கிளப்புக்குப் பத்து நிமிஷ நடை. புகாரை எழுதின கைதான் வாபஸும் எழுதணும்."

அண்ணன் மேஜையிலிருந்த தாளை இழுத்து, நின்றபடியே எழுதினார். சக்கரத்தைக் கழற்றியது, வளையத்தை விட்டது, தொடவில்லை என்று சொன்னது, மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோச் அதை வாங்கி இருமுறை படித்தார். முதல்முறையாக எதுவும் சொல்லாமல் கிளப்புக்கு நடந்தார்.

மெக்கானிக் அவர் பின்னால் போகவில்லை. மேஜையிலிருந்த வளையத்தைத் துடைத்தார். பின்சக்கரத்தைக் கழற்றி, காசெட்டை உருவி, வளையத்தைப் போட்டு, மறுபடி பூட்டினார். முடித்ததும் சக்கரத்தை அண்ணனிடம் நீட்டினார்.

"ஆட்டிப் பாருங்க."

அண்ணன் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சக்கரத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையிலேயே வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

"அண்ணா" என்றாள் பாப்பா. "அந்த இறக்கத்துல எவ்வளவு வேகம் போனே?"

"ஐம்பத்திரெண்டு" என்றார் அவர், தரையைப் பார்த்து.

அவள் தூளிக் கையை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"நான் நாற்பத்தெட்டுல விழுந்தேன்" என்றாள்.