பிடரியில் மூன்று புள்ளி

போன் அடித்தது.

மாரிக்கனி எடுக்கவில்லை. கருஞ்சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தாள். தட்டு சமமானதும் பொட்டலம் மடித்து, நூல் சுற்றி, கடைக்கு வந்தவளிடம் கொடுத்துவிட்டு... பிறகுதான் எடுத்தாள்.

"தங்கச்சி, நான் ஹரிகிருஷ்ணன்."

"சொல்லுங்கண்ணே."

"நாளைக்கு உன் தம்பி ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருது. வக்கீல்ட்ட ஆட்சேபணை மனு எழுதி வாங்கிட்டேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். பய வெளிய வர முடியாது."

"சரிண்ணே."

"அழுவாத தங்கச்சி."

"அழலைண்ணே."

உண்மைதான். நாலு மாதமாக அவள் அழவே இல்லை.

ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில், அவர்கள் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில், அவள் புருஷன் பால்ச்சாமி குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் மண்வெட்டி வெட்டு. வெற்று உடம்பு. பட்டாளத்தில் இருபது வருஷம் குண்டுக்குத் தப்பியவர், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்ச் செத்துப்போனார்.

அன்றைக்கு அவளுக்குள் ஏதோ மரத்துப் போனது. தன் கையைக் கிள்ளினாலும் அடுத்தவள் கையைக் கிள்ளின மாதிரிதான்.

பழி அவளுடைய தம்பி இருளப்பசாமி மேல். தோட்டத்து வண்டிப்பாதைத் தகராறில், "மச்சான்னு பாக்க மாட்டேன், வெட்டிருவேன்" என்று தேர் அன்றைக்குப் பத்துப் பேர் கேட்கத் தேரடியில் கத்தியவன். மறுநாள் அந்தப் பக்கம் போனதைப் பார்த்த ஆளும் இருந்தது. போதாதா? உள்ளே தள்ளிவிட்டார்கள்.

"நான் செய்யலைக்கா."

அவன் அவளிடம் பேசிய கடைசி வார்த்தை அது. அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

நாளைக்கு அவள் கையெழுத்து அவனை உள்ளேயே வைத்துப் பூட்டும்.

பூட்டட்டும்...

*

பன்னிரண்டு மணிக்கு ஹரிகிருஷ்ணன் வந்தான். பால்ச்சாமியோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவன். இப்போது இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்யூரிட்டி. நீல யூனிபார்மோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பைக்கை விரட்டி வந்திருந்தான். மாரிக்கனியின் நாட்டு மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்ததுமே கை பிடரிக்குப் போய்விட்டது.

பர்ர்ர்... பர்ர்ர்...

"என்னண்ணே, இப்படிச் சொறியுறீங்க?"

"மூணு மாசமாச்சு தங்கச்சி. உசுரை வாங்குது. டாக்டர் குடுத்த ஆயின்மென்ட் ஒரு வாரம் கேக்கும். பொறவு பழைய குருடி கதவைத் திறடிங்குது."

"வேப்பிலை போட்டுக் குளிச்சீங்களா?"

"குளிச்சேன்."

"அருகம்புல் தைலம்?"

"தேய்ச்சேன்."

"குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுப் போட்டீங்களா?"

"அதையேன் கேக்க. அந்த இலை வாசத்துக்குத் தெருப் பூனை அம்புட்டும் என் பின்னாலயே வருது. அரிப்பு மட்டும் போவலை."

மாரிக்கனி சிரிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்பதையும் நிறுத்தவில்லை. அது தொழில். மனசு மரத்தாலும் வாய்க்குப் பழக்கம்.

"தினமும் அரிக்குதா?"

"இல்ல. வாரத்துல ரெண்டு நாள் நெருப்பா எரியும். அப்புறம் அமரும். சரி, போச்சுன்னு நினைச்சா மறுவாரம் திரும்பவும் வந்துரும்."

"கம்பெனியில துணி வெளுக்கற பிளீச்சிங் பக்கம் போவீங்களோ?"

"நான் கேட்டுல நிக்கற ஆளு. பிளீச்சிங்குக்கும் எனக்கும் பர்லாங் தூரம்."

"தலைக்குச் சாயம்?"

"இருக்கறதே நாலு முடி. அதுக்குச் சாயம் வேறயா?"

"காரணம் தெரியாம மருந்து குடுக்கறது ஊர் தெரியாம பஸ் ஏறுற மாதிரிண்ணே. குனிங்க, பாப்போம்."

குனிந்தான்.

காலரைக் கீழே இறக்கினாள்.

பிடரியில், தண்டுவடம் தொடங்குகிற இடத்தில், சிவந்து தடித்த மூன்று கொப்புளம். மூன்றும் ஒரே வரிசை... அளந்து வைத்த மாதிரி. அதன் கீழே வளைந்த ஒரு கோடு. பிறை மாதிரி!

அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

எந்த நோய்க்கும் இப்படிக் கோலம் போடத் தெரியாது.

அவளுக்கு அந்தக் கோலம் தெரியும். அவள் வீட்டுச் சேலை முந்தியில் இருக்கிறது. போர்வை ஓரத்தில் இருக்கிறது. லாண்டரி இசக்கிமுத்து ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒவ்வொரு குறி போடுவான். சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, வடிகிற பாலில் குறி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் துணி கிழிகிற வரைக்கும் அழியாது. சிலருக்கு மட்டும் அந்தப் பால் உடம்புக்கு ஆகாது. குறி பட்ட இடத்தில் குறி மாதிரியே தடிக்கும்.

ஆம்பளைச் சட்டைக்குக் குறி காலரின் உள்பக்கம்.

"என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லண்ணே."

அவளுக்குப் படபடக்க வேண்டும். படபடக்கவில்லை. கண்டது எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது.

"கழுத்துல படுறது எல்லாத்தையும் நான் பாக்கணும். சோப்பு, பவுடர், துண்டு, தலையணை உறை, சட்டை. ஒண்ணு விடாம நாலு மணிக்குக் கொண்டாங்க. காரணத்தைக் கண்டுபிடிச்சுருவோம்."

"கையெழுத்து?"

"கை பூராம் மருந்து. அப்பப் போடுதேன்."

"ஆறு மணிக்குள்ள வக்கீல்ட்ட குடுக்கணும்."

"குடுத்துரலாம்."

*

தெருமுக்கில் இசக்கிமுத்து தேய்ப்பு வண்டியில் கரி விசிறிக்கொண்டிருந்தான்.

"இசக்கி, எங்க வீட்டுக் குறி என்ன?"

"என்னக்கா, பரீட்சை வைக்கீங்க? மூணு புள்ளி. கீழ ஒரு பிறை."

"பிறை எப்ப வந்துச்சு?"

"முன்னால வெறும் மூணு புள்ளிதான். தேருக்கு முந்தின வாரம் கான்சாபுரத்துல இருந்து ஒரு வாத்தியார் வீடு உங்க தெருவுக்கு வந்துச்சுல்ல? அவிய துணியிலயும் மூணு புள்ளி இருந்துச்சு. கலந்துரும்னு உங்களுதுல பிறையைச் சேத்தேன்."

"பிறை போட்ட துணியை எப்பக் குடுத்த?"

இசக்கிமுத்து விசிறியைக் கீழே வைத்தான்.

"தேருக்கு மறுநாள் காலையில. அண்ணன்தான் வாங்குனாரு. மேல இருந்த வெள்ளைச் சட்டையை வாசல்லயே மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்தாரு. அதுக்குப் பொறவு..."

"பிறை போட்ட ஆம்பளைச் சட்டை மொத்தம் எத்தனை?"

"அது ஒண்ணுதாங்க்கா. மத்ததெல்லாம் சேலையும் போர்வையும். அதுக்கு அப்புறம்தான் உங்க வீட்டுல ஆம்பளைச் சட்டையே விழலையே."

"அந்தச் சட்டை கிடைக்கவே இல்ல இசக்கி."

"தோட்டத்துல வேலை பாக்கறவக சட்டையா போட்டிருப்பாகன்னு அப்ப இருந்த போலீஸ்காரவுக சொல்லிட்டாகளேக்கா."

"வண்டியைப் பூட்டு. என்கூட வா."

*

சப்-இன்ஸ்பெக்டர் ஹெப்சிபா அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"பதிமூணு வருஷ சர்வீஸ்மா. ரத்தத்தை வச்சுப் பிடிச்சிருக்கேன்; ரேகையை வச்சுப் பிடிச்சிருக்கேன். சொறியை வச்சுப் பிடிச்சதில்ல."

"எனக்கும் புதுசுதான்."

"கழுத்தை மட்டும் வெட்டிக் கோர்ட்டுல வைக்க முடியாது. சட்டை வேணும். நாலு மாசத்துல அவன் அதை எரிச்சிருப்பான்."

"எரிச்சிருந்தா அரிப்பு நின்னிருக்கும்மா."

ஹெப்சிபா நிமிர்ந்தாள்.

"கொப்புளம் புதுசு. நாலஞ்சு நாளுக்குள்ள வந்தது. அந்தச் சட்டையை இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

"கொலை செஞ்ச சட்டையை எவனாவது போடுவானா?"

"அதான் எனக்கும் புரியலை. ஆனா உடம்பு பொய் சொல்லாதும்மா."

ஹெப்சிபா தொப்பியை எடுத்தாள்.

*

நாலு மணி.

ஹரிகிருஷ்ணன் யூனிபார்மைக் கழற்றிவிட்டு, வக்கீல் ஆபீசுக்குப் போகிற தோரணையில் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். ஒரு கையில் மனு. ஒரு கையில் கட்டைப்பை.

கடைக்குள், மருந்து இடிக்கிற இடத்தை மறைத்து ஒரு திரை தொங்கியது. திரை அசையவில்லை.

"முதல்ல கையெழுத்து, தங்கச்சி."

"முதல்ல வைத்தியம்ணே."

பையைக் கவிழ்த்தாள். சோப்பு... அது இல்லை. பவுடர்... அது இல்லை. துண்டு, தலையணை உறை... இல்லை.

வெள்ளைச் சட்டை மூன்று.

"வெள்ளைச் சட்டை இம்புட்டுத்தானா?"

"அஞ்சு தைச்சது. நானும் பால்ச்சாமியும் முன்னாள் பட்டாளத்துச் சங்கக் கூட்டத்துக்குன்னு ஒரே துணியில, ஒரே டைலர்ட்ட ஆளுக்கு அஞ்சு தைச்சோமே, ஞாபகமில்லையா? ஒண்ணு கிழிஞ்சுபோச்சு. ஒண்ணு மேல கிடக்கு."

முதல் காலரைப் புரட்டினாள்.

வெறும் வெள்ளை.

இரண்டாவது... வெள்ளை.

மூன்றாவது... வெள்ளை!

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஹரிகிருஷ்ணன் திரும்பினான். "உள்ள யாரு?"

"மருந்து இடிக்கற ஆளு. சுக்குத் தூசி ஆகாது."

"சரி சரி. கையெழுத்தைப் போடு, நேரமாச்சு."

பேனாவைத் திறந்து நீட்டினான். மாரிக்கனி வாங்கினாள். மனுவில் தம்பியின் பெயர் இருந்தது. அதன் கீழே தன் பெயர். அதற்கும் கீழே வெற்றிடம். பேனா முனை காகிதத்தைத் தொட்டது...

நின்றது.

"போட்டிருக்கறதையும் கழட்டுங்கண்ணே."

"இதையா?"

"அதுவும் கழுத்துலதானே படுது."

முனகிக்கொண்டே பட்டனை அவிழ்த்தான். பனியனோடு நின்றான். அவள் சட்டையை வாங்கிக் காலரைத் திருப்பினாள்.

கறுப்பாய் மூன்று புள்ளி.

கீழே ஒரு பிறை.

கட்டை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். அழியவில்லை.

"காரணம் கிடைச்சிருச்சுண்ணே."

"அப்பாடா. என்னது?"

"என் புருஷன் சட்டை."

பிடரிக்குப் போன கை பாதி வழியில் நின்றது.

"என்ன உளறுத?"

"இது எங்க வீட்டுச் சலவைக் குறி. சேராங்கொட்டைப் பாலு. அவருக்கு அது ஒண்ணும் செய்யாது. உங்களுக்கு ஆகலை."

"அது... ஆங், ஞாபகம் வந்துருச்சு. பொங்கலுக்கு அவன்தான் குடுத்தான். வச்சுக்கடான்னு..."

திரை விலகியது. இசக்கிமுத்து வெளியே வந்தான்.

"பொங்கலுக்கு இந்தப் பிறையே பிறக்கலை சார். நான் இதைப் போட்டதே ஆடியிலதான். அண்ணன் செத்த அன்னைக்குக் காலையிலதான் இந்தச் சட்டையை அவர் கையில குடுத்தேன்."

ஹரிகிருஷ்ணன் சட்டையைப் பார்த்தான். மேஜை மேல் கிடந்த மூன்றையும் பார்த்தான். நாலும் ஒரே பிரசவத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"இருக்காதே... அது எப்படி... அதை நானே என் கையால எரிச்..."

வாய் சட்டென்று மூடிக்கொண்டது.

ஹெப்சிபா திரையை முழுசாக ஒதுக்கினாள்.

"எரிச்சீங்களா? எங்க வச்சு சார்?"

பதிலை மாரிக்கனிதான் சொன்னாள். மருந்துக்குப் பக்குவம் சொல்லுகிற அதே குரலில்.

"எரிச்சது உங்க சட்டையண்ணே. எரிக்கறதுக்கு முந்தியே வீட்டுல எல்லாத்தையும் ஒண்ணா மிஷின்ல போட்டுத் துவைச்சிருப்பாக. ஒரே துணி, ஒரே தையல். எது அவருதுன்னு உங்களுக்குத் தெரியலை. உங்களுதை எரிச்சுட்டு, அவரை முதுகுல போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க."

ஹரிகிருஷ்ணன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மிளா மானுக்குச் சுருக்குக் கம்பி வச்சிருந்தேன், அவன் தோட்டத்து ஓரத்துல. பாத்துட்டான். பாரஸ்ட் ஆபீஸ்ல சொல்லியே தீருவேன்னான். ஒரே கூடாரத்துல படுத்தவங்கடான்னு கெஞ்சுனேன். கேக்கலை. திரும்பி நடந்தான். பக்கத்துல மண்வெட்டி கிடந்துச்சு..."

"அப்புறம்?" ஹெப்சிபா கேட்டாள்.

"என் சட்டை பூராம் ரத்தம். கல்லைக் கட்டிக் கிணத்துல போட்டேன். அவன் சட்டை மோட்டார் ரூம் ஆணியில தொங்குச்சு. அதை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"எந்தக் கிணறு?"

"தோட்டத்துக் கிணறுதான்."

ஹெப்சிபா வெள்ளைச் சட்டையைக் காகிதப் பைக்குள் வைத்து மூடினாள். நேற்று வரை அவளுக்கு ஒரு குற்றவாளி ஜெயிலில் இருந்தான். இன்றைக்கு ஒரு அப்பாவி ஜெயிலில் இருந்தான்.

மாரிக்கனி வக்கீலுக்குப் போன் போட்டாள்.

"ஐயா, நான் பால்ச்சாமி சம்சாரம். நாளைக்கு என் தம்பி ஜாமீனுக்கு எனக்கு ஆட்சேபணை இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள்.

"ஆமா. நானே கோர்ட்டுக்கு வாரேன். அவனைக் கூட்டிட்டுப் போவணும்."

போனை வைத்தாள். இப்போதாவது அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. விரல் நுனியில் மட்டும் ஊசி குத்துகிற மாதிரி சுருக் சுருக்கென்றது... மரத்த கை உணர்வுக்குத் திரும்பும்போது குத்துமே, அப்படி.

வாசலில் ஜீப் நின்றது. ஹரிகிருஷ்ணனின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், விலங்கில். படியில் இறங்கியவனுக்குப் பிடரி அரித்தது. விலங்கோடு கையை முதுகு வழியே மேலே தூக்கிப் பார்த்தான். எட்டவில்லை. தூணில் கழுத்தைத் தேய்த்தான். கான்ஸ்டபிள் இழுத்தார்.

அவன் திரும்பிப் பார்த்தான். வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"தங்கச்சி... இது எப்பத்தான் நிக்கும்?"

"தேங்காய்ப்பால் தடவுங்க. பதினஞ்சு நாள்ல ஆறிரும். ஆனா பத்தியம் முக்கியம். கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, புளி ஆகாது. வாய்க்கு ருசியா ஒண்ணுமே ஆகாது."

"அப்படிப் பத்தியம் இருக்க மனுசனால முடியுமா?"

"முடியும்ணே. என் தம்பி நாலு மாசமா உங்களுக்குப் பதிலா இருந்திருக்கான். இனிமே நீங்க இருங்க."