காற்று படாத இடம்

கொடியில் போட்டிருந்த படுக்கை விரிப்பு அசையாமல் தொங்கியது.

வெர்னா சமையலறை ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனடாவின் தெற்கு சஸ்காச்சுவனுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தக் கொடியில் ஒரு துணி நேராகத் தொங்கி அவள் பார்த்ததில்லை. கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு வேலிக்கம்பியில் போய்ச் சிக்கியிருக்கும். இல்லையென்றால் பருப்பு வயலுக்கு நடுவே கிடக்கும். இன்று இஸ்திரி போட்டு மாட்டியதுபோல, ஓர் ஓரம்கூட நெளியாமல் தொங்கியது.

ரேடியோவில் கோடைத் தொடக்கத்துக்கான வானிலை சொன்னார்கள். ஜூன் பாதிவரை மழைக்கு வாய்ப்பில்லை. மேற்குக் காற்று பலமாகவே வீசும். பொழுது சாயும் இந்நேரம் இன்னும் வலுக்கும், புழுதியில் சாலை தெரியாது, இளம்பயிர் போட்டவர்கள் எச்சரிக்கையாக இருங்கள் என்றார்கள்.

அவளுடைய மைசூர்ப் பருப்பு அப்போதுதான் விரல் உயரத்துக்கு வந்திருந்தது. பறக்கும் மண் அந்தத் தண்டுகளை அரிவாள்போல் அறுத்துப்போட்டுவிடும். கணவன் ஹால்வோர் மார்ச்சில் இறந்த பிறகு, அவளே டிராக்டர் ஏறி விதைத்த முதல் பயிர் அது. பிள்ளைகள் இல்லை. பயிர் போனால் நிலத்தைக் கொடுத்துவிட்டு டவுனில் ஒரு அறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த விரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான்.

பிறகு வேலிக்கு அப்பால் பார்த்தாள்.

அங்கே காற்று இருந்தது. புல் தரையோடு படுத்துக்கிடந்தது. பழுப்பு நிறப் புழுதி வீட்டின் இருபுறமும், ஆற்று நடுவே கிடக்கும் பாறையைச் சுற்றிக்கொண்டு வெள்ளம் போவதுபோல, கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் மட்டும் ஒரு புல்கூடத் தலையாட்டவில்லை.

போன் அடித்தது. ஹால்வோரின் தம்பி லைல். கிழக்கே பக்கத்துப் பண்ணை அவனுடையது.

"அண்ணி, எங்க ஷெட் தகரம் பறந்துடுச்சு. அங்க எப்படி இருக்கு?"

"இங்க காத்தே இல்ல, லைல்."

"உங்க வீட்டுல மட்டும் காத்துக்கு லீவா?" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரவு தூங்குகிறாளா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டான். இரண்டுக்கும் ஆமாம் என்றாள்.

"நான் வரேன். காபி போட்டு வைங்க" என்று போனை வைத்துவிட்டான்.

ரேடியோவை அணைத்தாள். அதன் பிறகுதான் வீட்டின் சத்தம் அவளுக்குக் கேட்டது. இத்தனை வருடமும் காற்றின் ஊளைக்கு அடியில் மூடிக்கிடந்த சின்னச் சின்ன ஒலிகள்: குழாயில் நீர் இறங்குவது, சுவர்ப் பலகை முனகுவது, தன் மூக்கு வழியே மூச்சு போய் வருவது. பிறகு மேற்குச் சுவருக்கு வெளியே ஒன்று. பெரிய மூட்டையைத் தரையில் மெல்ல இறக்கி வைப்பதுபோல. ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து, இன்னொருமுறை.

நாயைக் கூப்பிட்டாள். பிப் வீட்டில் இல்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். பிப் வேலிக்கு வெகு அப்பால், கிழக்கே, சாலையை ஒட்டி நின்றிருந்தது. காது இரண்டும் காற்றில் மடிந்து பறக்க, வீட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து மூடுவது தெரிந்தது. குரலைக் காற்று அந்தப் பக்கமே அள்ளிக்கொண்டு போனது. அவள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். அது ஓரடிகூட முன்னே வரவில்லை.

நாயைப் பிடித்து வரலாம் என்று படலைத் திறந்து வயலோரமாக நடந்தாள். வேலியைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறையும் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அறையவில்லை. அவளுக்கு முன்னால் படுத்துக்கிடந்த புல், அவள் நெருங்க நெருங்க, நிமிர்ந்து நின்றது.

இன்னும் நடந்தாள். புல் இன்னும் நிமிர்ந்தது.

அப்போது அவளுடைய படுக்கை விரிப்பு கொடியிலிருந்து பிய்த்துக்கொண்டு, வலப்புறப் புழுதியோடு படபடவென்று அவளைக் கடந்து பறந்து போனது. அப்படியென்றால் வீட்டு முற்றத்தில் காற்று திரும்பிவிட்டது. நின்றிருப்பது அவள் இருக்கும் இடத்தில் மட்டும். அவள் நடக்க, அதுவும் கூடவே நடக்கிறது.

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முதுகில் படவேண்டிய மேற்குக் குளிர் இல்லை. அதற்குப் பதில் ஒரு வெதுவெதுப்பு. ஆழத் தோண்டிய கிணற்று மண்ணின் ஈர வாசனை, இந்தக் காய்ந்த ஜூனில். அடக்கத்தன்று இடுகாட்டில் எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்றபோது, அவளுக்கு மேற்கே காற்றை மறைக்க ஒருவரும் இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த மூன்று மாதத்தில் யாரும் அவள் முதுகுக்கு இவ்வளவு நெருக்கத்தில் நின்றதில்லை. பயத்துக்கு நடுவே அவள் உடம்பு அந்தச் சூட்டில் கொஞ்சம் சாயப் பார்த்தது. அதை உணர்ந்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே குலை நடுங்கியது.

ஓடினாள்.

பின்னால் மூட்டை இறங்கும் சத்தம். இன்னொன்று. அவசரமே இல்லாமல்.

சாலையில் லைலின் வண்டி வந்து நின்றது. கதவைத் தள்ளித் திறக்கவே அவன் காற்றோடு மல்லுக்கட்டினான். இறங்கியதும் தொப்பி பறந்தது. சட்டை உடம்போடு ஒட்டி அடித்துக்கொண்டது. அவன் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

கை பாதியில் நின்றது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான். பிறகு அதற்கு மேலே. இன்னும் மேலே. தலை பின்னால் சாய்ந்து, தாடை தொங்கி, வண்டிக் கதவில் முதுகு முட்டும்வரை. பிப் வயிறு தரையில் உரச வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டது.

"லைல்" என்றாள். "என்னைப் பாரு, லைல். என்ன நிக்குது?"

அவன் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அவள் நின்றுவிட்டாள்.

மேற்கே அடிவானத்தில் புழுதிக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த கீற்றில் சூரியன் இறங்கியது. ஒரே நொடியில் வயல் முழுவதும் செம்பு நிறமானது. ஒவ்வொரு பருப்புச் செடிக்கும் கிழக்கே ஒரு நிழல் நீண்டது. வேலிக் கம்பங்களுக்கும் நீண்டது.

அவளுக்கு இல்லை.

அவள் நின்ற இடம் இருட்டு. அந்த இருட்டு அவள் காலடியைத் தாண்டி, வயலைத் தாண்டி, சாலையையும் வண்டியையும் லைலையும் மூடிக்கொண்டு, அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது. குறுகலாக. நெட்டையாக. தோள்களோடு.

பிடரி மயிரை ஒரு வெப்பம் மெல்ல விலக்கியது.

சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தது. நிழல் மட்டும் தூரத்து நுனியிலிருந்து குறுகத் தொடங்கியது. சாலைக்கு இப்பால், வயலுக்கு இப்பால், குழந்தையிடம் பேச ஒருவர் குனிவதுபோல நிதானமாக. லைலின் பார்வையும் அதோடு கூடவே கீழே இறங்கி வந்தது. இறங்கி, இறங்கி, அவள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.