ஏழாம் வகுப்பின் பசி

பத்தாம் வகுப்பில் தேற்றத்தின் மூன்றாவது வரியை எழுதிக்கொண்டிருந்தபோது தண்டபாணி வாத்தியாருக்குக் கை நடுங்கியது. வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு பசி. பின்கழுத்தில் குளிர்ந்த வியர்வை. சற்று முன்புதான் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தார். இந்தப் பசி அவருடையது அல்ல.

"அடுத்த வரியை நீங்களே போட்டுப் பாருங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினார்.

மைதானத்தில் ஏழாம் வகுப்புப் பெண்கள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நறுமுகை கம்பத்தைச் சுற்றிச் சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தாள். பழச்சாறு டப்பாவை நீட்டியபடி வாத்தியார் குறுக்கே போய் நின்றார்.

"சார், நான் நல்லாத்தான இருக்கறேன்!"

"நீ நல்லா இருக்கற அம்மிணி. நான் நல்லா இல்ல. குடி."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அவள் தோளில் ஒட்டியிருந்த சர்க்கரை அளவி ஐம்பத்தெட்டு காட்டியது. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. ஐந்து நிமிடத்தில் வாத்தியாரின் நடுக்கம் அடங்கியது. அவர் திரும்பவும் மாடியேறிப் போய்ச் சாக்பீஸை எடுத்தார்.

நறுமுகைக்கு ஐந்து வயதிலேயே கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. இடுப்பில் ஒரு சிறிய பம்பு. சர்க்கரை ஏறினால் இன்சுலின் செலுத்தவும், இறங்கினால் நிறுத்தவும் அதற்குத் தெரியும். வாயில் இனிப்பைப் போட மட்டும் தெரியாது. அதற்கு ஒரு மனிதக் கை வேண்டும். மற்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் உடம்பே பதறிக் காட்டிக்கொடுக்கும். நறுமுகைக்கோ அடிக்கடி இறங்கி இறங்கி, உடம்பு பதறுவதையே விட்டுவிட்டது. மயங்கி விழும்வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது.

முன்பெல்லாம் இதற்கு எச்சரிக்கைப் பெட்டி இருந்தது. பிள்ளைகள் அதைக் 'கூவான்' என்பார்கள். ஆஸ்துமாவுக்கு ஒரு கூவான், வலிப்புக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியர் மேசையில் நாலைந்து பெட்டிகள் நாள்முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது மரத்துப்போனது. போன நவம்பரில் கணக்குத் தேர்வு நடந்தபோது தண்டபாணி ஒரு கூவானின் வாயை அடைத்து மேசைக்குள் போட்டார். எந்தப் பெட்டி என்று பார்க்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து நறுமுகை பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். வலிப்பு வந்து மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தாள்.

அவள் அம்மா ரேணுகாதேவி உடுமலைக்குத் தெற்கே காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். தகவல் போனபோது நூற்றிருபது மீட்டர் உயரத்தில் இருந்தாள். இறங்கி வரவே நேரமாகிவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கூவான் எத்தன தடவ அடிச்சுதுங்க சார்?"

"தெரியலீங்க" என்றார் தண்டபாணி. அவர் வாழ்நாளில் சொன்ன மிகக் கேவலமான பதில் அதுதான் என்று அவருக்கே பட்டது.

ஜனவரியில் உணர்பட்டை வந்தது. நோயுள்ள குழந்தையின் கையில் ஒரு பட்டை, இன்னொருவர் மணிக்கட்டில் ஒரு பட்டை. குழந்தையின் உடம்பில் நடப்பதைப் படித்து, இரண்டாமவரின் நரம்பில் அதே உணர்வை எழுப்பும். சத்தத்தின் வாயை அடைக்கலாம், சொந்த வயிற்றின் வாயை அடைக்க முடியாது என்பதுதான் அதைக் கண்டுபிடித்தவர்களின் எண்ணம். இரண்டாம் பட்டையைக் கட்டிக்கொள்பவருக்கு 'உணர்துணை' என்று பெயர். பள்ளியில் யார் கட்டுவது என்று தலைமையாசிரியை கேட்டபோது, தண்டபாணி எழுந்து நின்று கையை நீட்டினார்.

எட்டு மாதம் கட்டினார். நறுமுகை ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை அவளுடைய பதற்றம் அவர் உடம்பில் ஏறி இறங்கியது. ஐம்பத்தாறு வயது உடம்பு அது. ரத்த அழுத்தம் எகிறியது. ஆகஸ்டில் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாத முடிவோடு பட்டையைக் கழற்ற வேண்டும். வேறு ஆசிரியர் எவரும் முன்வரவில்லை. அவர் படியேறி இறங்கி மூச்சுவாங்குவதைத்தான் எல்லாரும் தினமும் பார்க்கிறார்களே! உணர்துணை இல்லாத குழந்தை வீட்டிலிருந்து திரையில் படிக்க வேண்டும் என்பது விதி.

அதைச் சொல்ல அவரே காற்றாலைக்குப் போனார். ரேணுகாதேவி கிரீஸ் படிந்த கையுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. ஆனால் மனம் வேறெங்கோ ஓடியது.

"ஏனுங் சார், மொத்தத்தையும் நீங்க ஒருத்தரே வாங்குறீங்களா?"

"ஆமாங்க. ஒரு பட்டைதான."

"அங்கதானுங்க தப்பு. இந்தக் காட்டுல நாப்பது ஆலை நிக்குது. வர்ற பாரத்தையெல்லாம் ஒரே ஆலை மேல ஏத்துனா ஒரு வருசத்துல பல்சக்கரம் தேஞ்சு போயிரும். நாங்க பங்கு போட்டு உடுவோம். இதையும் பங்கு போட்டா என்னங்க?"

"யாருக்குப் பங்கு போடறது? வாத்தியாருக யாரும் வரமாட்டீங்கறாங்களே."

"அவளோட கிளாசுல எத்தன பேரு?"

மறுநாள் தண்டபாணி ஏழாம் வகுப்பில் கேட்டார். அவர் முடிப்பதற்குள் கோ-கோ அணித் தலைவி அகல்யா பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டாள். வகுப்பிலேயே பெரிய தொண்டை அவளுடையது.

"நாங்க கட்டிக்கறோம் சார்! அவள ஊட்டுக்கு அனுப்பீட்டா கம்பத்துல யாரு ஓடறது?"

பெற்றோர் எல்லாரிடமும் சம்மதம் வாங்கினார்கள். ரேணுகாதேவி ஆலைக்காரர்களின் பாரம்பிரிப்பு நிரலை, பட்டை செய்பவர்களிடம் அனுமதி வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டைக்குத் தக்கபடி மாற்றி எழுதினாள். எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் உணர்வை அது கழித்துவிடும். ஒருவருக்கு மட்டும் வருவதை எடுத்து அத்தனை பேருக்கும் பங்கு போடும். கொடுக்கும் பட்டை, வாங்கும் பட்டை என்ற பேதம் அதில் கிடையாது. எல்லாம் ஒரே வகை. மாணவர்கள் முப்பத்துநான்கு, தண்டபாணி ஒருவர், ஆக முப்பத்தைந்து பட்டைகள். சின்னப் பங்குதானே என்று அவரையும் மருத்துவர் அனுமதித்தார்.

செப்டம்பரில் மாவட்டப் பள்ளிநல அலுவலர் குலசேகரன் வந்தார். இந்த ஏற்பாட்டை மறுத்து எழுத வேண்டிய அறிக்கை அவர் மனதில் தயாராக இருந்தது. நறுமுகையின் அளவியைக் காட்டும் திரையைக் கையில் வைத்தபடி கடைசி பெஞ்சில் அமர்ந்தார்.

தண்டபாணி பின்னங்களை நடத்திக்கொண்டிருந்தார். பதினொன்றே காலுக்கு, யாரும் எதுவும் சொல்லாமல், முப்பத்துமூன்று தலைகளும் ஒரே நேரத்தில் நறுமுகை பக்கம் திரும்பின. அலுவலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரையைப் பார்த்தார். எண்பத்தொன்று. அபாயமே இல்லையே!

அதற்குள் பக்கத்தில் இருந்தவள் பழச்சாற்றைத் திறந்து நீட்டினாள். முன்னால் இருந்தவன் நேரத்தைக் குறித்தான். நறுமுகை குடித்துக்கொண்டே, "சார், கீழ் எண்ணை மறந்துட்டீங்க" என்று கரும்பலகையைக் காட்டினாள். அடுத்த பத்து நிமிடத்தில், திரையில் எழுபத்துமூன்று வரை இறங்கிய எண் அங்கேயே நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. எண் விழுவதற்கு முன்பே உடம்பில் தொடங்கும் அசைவைப் புதிய நிரல் படித்திருந்தது. தலைகள் திரும்பியதிலிருந்து சாற்றைக் குடித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாடம் நிற்கவே இல்லை.

"இவங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?" என்று அலுவலர் கேட்டார்.

அகல்யாதான் பதில் சொன்னாள். "டிபன் பாக்ஸ் வாசம் அடிச்சா எப்படி இருக்கும், அவ்வளவுதானுங்க சார்."

குலசேகரன் அறிக்கையை மாற்றி எழுதினார். அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. மாலை விளையாட்டு வேளையில் நறுமுகை திடீரென்று ஓட்டத்தை நிறுத்தி, மற்றவர்கள் திரும்புவதற்குள் தானாகவே போய் இரண்டு இனிப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கையிலிருந்த பட்டை, வகுப்போடு சேர்த்து அவளுடைய பங்கையும் அவளுக்கே கொடுத்திருந்தது. இத்தனை வருடம் கழித்து அவளுக்குத் தன் பசி தெரிந்தது. சாயங்காலம் அதைச் சொன்னபோது ரேணுகாதேவி அடுப்பை அணைத்துவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள்.

"அம்மா, பசிச்சதுன்னுதான சொன்னேன்" என்றாள் நறுமுகை.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை. முதல் பாடவேளையிலேயே முப்பத்துமூன்று தலைகள் அவள் பக்கம் திரும்பின. பழச்சாறு வந்தது. நறுமுகை அளவியைப் பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டு.

"நானில்ல" என்றாள்.

வகுப்பு குழம்பிப்போனது. பட்டை கெட்டுவிட்டதோ என்று தண்டபாணி தட்டிப் பார்த்தார். பசி மட்டும் போகவில்லை. முப்பத்தைந்து வயிற்றிலும் லேசாக அரித்துக்கொண்டே இருந்தது. நறுமுகை எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். வெளுத்த உதடு, மேலுதட்டில் பொடி வியர்வை, காரணமில்லாத சிரிப்பு. முன்பெல்லாம் தனக்குச் சர்க்கரை இறங்கும்போது முகம் எப்படி இருந்தது என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அகல்யாவின் முன்னால் வந்து நின்றாள்.

"என்னடி பாக்கற? போயி உக்காரு" என்றாள் அகல்யா.

இடைவேளையில்தான் விஷயம் வெளியே வந்தது. அகல்யாவின் அம்மாவை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வண்டி விடியற்காலையிலேயே அழைத்துப் போய்விடும். விடுமுறையில் ஷிப்ட் மாறியதிலிருந்து அப்படித்தான். இருக்கிற சோற்றை அகல்யா தம்பிக்குப் போட்டு அனுப்பிவிட்டு வந்துவிடுவாள். பள்ளியில் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். தம்பி மூன்றாம் வகுப்பு. அவனுக்குப் பள்ளியில் கிடைக்கும், ஆனால் அதற்கு முன்பே வீட்டில் பசிக்கும்.

"எல்லாருக்கும் முன்னால காட்டிக் குடுத்துட்டயே!" என்று அகல்யா நறுமுகையிடம் சீறினாள்.

"நான் எங்கடி காட்டிக் குடுத்தேன்? உன்ற வவுறுதான் சொல்லுச்சு."

அகல்யா பட்டையைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். இரண்டு நாள் கட்டவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் நறுமுகை அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"என்ற உடம்புக்குள்ள நடக்கறதையெல்லாம் நீங்க அத்தன பேரும் பாக்கறீங்க. எனக்கு மட்டும் வெக்கமா இருக்காதா? மொதல்ல ஒரு வாரம் அழுதேன், உனக்குத் தெரியுமா? உன்றத நான் பாக்கக் கூடாதுன்னா, என்றத நீயும் பாக்காத. கழட்டிரலாம், ரெண்டு பேரும்."

அகல்யா அவள் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டை நீட்டினாள்.

அதன்பின் ஒரு வாரம் யார் வீட்டிலிருந்தாவது காலைச் சாப்பாட்டு டப்பா ஒன்று அகல்யாவுக்கு வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வகுப்பு இரண்டு வகுப்பா, பள்ளியில் இன்னும் எத்தனை பேர் இப்படி இருப்பார்கள் என்று தண்டபாணிக்கும் உறுத்தியது. பெரிய வகுப்புகளுக்கும் காலை உணவு வேண்டும் என்று வகுப்பே சேர்ந்து மனு எழுதியது. ஏழாம் வகுப்பில் உறுதி செய்யப்பட்டது ஒரே ஒரு குழந்தை என்றும், நேரில் வந்து விசாரிப்பதாகவும் மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

அலுவலர் வருவதற்கு முந்தைய நாள் அகல்யா பழையபடி பெஞ்சின் மேல் ஏறினாள்.

"நாளைக்கு எனக்கு யாரும் எதும் கொண்டாரக் கூடாது. அவரு வரட்டும்."

குலசேகரன் உணவகத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு வந்தார். பட்டை கட்டிய வகுப்புக்குள் வரும் எவரும் தாமும் ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும் என்பது, முதல் வருகைக்குப் பிறகு அவரே மாவட்டம் முழுதுக்கும் போட்ட உத்தரவு. வாசலில் நறுமுகை நீட்டிய பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து அமர்ந்து, கோப்பைப் பிரித்தார்.

"உங்க அக்கறை புரியுதுங்க. ஆனா ஒரு குழந்தைக்காகத் திட்டத்தை நீட்டுங்கன்னு நான் மேல எழுத முடியாது. எண்ணிக்கை கேப்பாங்க." பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க, இந்த வகுப்பில பசியோட இருக்கறவங்க எத்தன பேரு?"

தண்டபாணி அகல்யாவைப் பார்த்தார். அவள் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடாம வந்தது ஒருத்திங்க. பசிக்கிறது முப்பத்தஞ்சு பேருக்குங்க."

குலசேகரன் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. இடது கை மெல்ல அவருடைய வயிற்றுக்குப் போனது.

"தப்பா சொல்றீங்க சார்" என்றார். பிறகு காகிதத்தில் குனிந்து, முப்பத்தாறு என்று எழுதினார்.